மேல்தாடை விரிக்கும் ஸ்குரூ: பெங்களூரில் பிள்ளைக்கு முதல்முறை மாட்டப்போகும் பெற்றோருக்கு

"எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், அப்புறம் கிளிப் போட்டுக்கலாம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பல் வரிசை மட்டும் கோணலாக இருந்தால் அந்தப் பேச்சில் பெரிய தவறு இல்லை. மேல்தாடையே குறுகலாக இருக்கும்போது அப்படிக் காத்திருந்தால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடை எலும்பைச் சுலபமாக விரிக்கக்கூடிய வயது ஒன்று உண்டு, அது போய்விட்டால் திரும்ப வராது.

மேல்தாடை பார்க்க ஒரே எலும்பு போலத் தெரிந்தாலும் வலது பாதி, இடது பாதி என்று இரண்டு எலும்புகள் அண்ணத்தின் நடுக்கோட்டில் சேர்ந்திருக்கின்றன. சின்ன வயதில் அந்தச் சேர்க்கை தளர்வாக இருக்கும். வளர வளர இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு இறுகிவிடும். ஏழெட்டு வயதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வரை மேல் கடைவாய்ப் பற்களில் மாட்டும் கருவியின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஸ்குரூவின் அழுத்தத்துக்கே அந்தக் கோடு விலகிக் கொடுக்கும். விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். பதினைந்து, பதினாறைத் தாண்டிவிட்டால் அதே கருவி பல்லை வெளியே சாய்க்குமே தவிர எலும்பைப் பெரும்பாலும் அசைக்காது. அப்போது அண்ணத்து எலும்பில் சிறு திருகாணிகள் பதித்து விரிக்க வேண்டியிருக்கும், சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படும். இறுகும் வயது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கடைசி நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் கருத்து.

இது புதிதாக வந்த வித்தையும் இல்லை. 1860இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்கு ஸ்குரூ மாட்டி, அதைத் திருப்பும் சாவியை அவள் கையிலேயே கொடுத்துத் திருப்பச் சொன்னார். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அன்று பலர் அதை நம்பவில்லை. 1960களில் ஆண்ட்ரூ ஹாஸ் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகுதான் இந்த முறை மறுபடி ஊன்றியது. இன்று பெரும்பாலான பிள்ளைகளின் வாயில் இருக்கும் கம்பி வடிவத்தை ஹைராக்ஸ் என்பார்கள்.

முதலில் வீட்டில் பாருங்கள்

வெளிச்சத்தில் பிள்ளையை உட்கார வைத்து, கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். உதட்டையும் கன்னத்தையும் விரலால் விலக்கிப் பாருங்கள். மூடியானது டப்பாவை வெளியிலிருந்து கவ்வுவது போல மேல்பல் வரிசை கீழ்வரிசைக்கு வெளிப்பக்கமாக உட்கார வேண்டும். ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்தால் அதுதான் கிராஸ்பைட்.

அடுத்து, வாயை அகலத் திறந்து மெதுவாக மூடச் சொல்லுங்கள். கடைசி நொடியில் மோவாய் ஒரு பக்கமாக நழுவுகிறதா என்று கவனியுங்கள். மேல்தாடை குறுகி, பற்கள் நேருக்கு நேர் இடிக்கும்போது, பிள்ளை வசதிக்காகக் கீழ்த்தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கப் பழகிவிடும். வளரும் வருடங்களில் இப்படியே கடித்தால் முகமே ஒரு பக்கமாக வளரக்கூடும். சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வாயால் மூச்சு விடுவது, நெடுநாள் விரல் சூப்பியது, ஆழமான குறுகிய அண்ணம், தூக்கத்தில் குறட்டை இவற்றையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெங்களூரின் தூசியும் பூந்தாதும் குளிரும் சேர்ந்து பல பிள்ளைகளுக்கு வருடம் பூராவும் மூக்கடைப்புத்தான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி மூக்கு அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்க்க வேண்டும். அண்ணத்தின் மேல்பக்கமே மூக்கின் தரை என்பதால், தாடை விரியும்போது மூக்கின் உள்வழியும் சற்று அகலும். சில பிள்ளைகளுக்கு மூச்சு இலகுவாவது உண்மை. அதற்காக, தாடை சரியான அகலத்தில் இருக்கும் பிள்ளைக்குக் குறட்டை ஒன்றையே காரணம் காட்டி ஸ்குரூ மாட்டுவது சரியல்ல. கிராஸ்பைட்டும் இல்லை, பற்கள் கொஞ்சம் நெருக்கமாக மட்டும் இருக்கின்றன, ஆனாலும் விரிக்கச் சொல்கிறார்கள் என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

யாரிடம் போவது

பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்த ஆர்த்தடான்டிஸ்ட்டிடம் போங்கள். தெருமுனை கிளினிக்கில் அவர் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் வந்து போகிறவராக இருக்கலாம். அதில் தப்பில்லை, ஆனால் அவர் வராத நாளில் கருவி கழன்றால் யாரைக் கூப்பிடுவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அமெரிக்க ஆர்த்தடான்டிஸ்ட் சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டினால் உடனே மாட்ட வேண்டும் என்பதில்லை, பலருக்கு "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படி ஆகாதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் பெரிய உதவி. கோட்டைப் பகுதியில் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் கிட்டத்தில்தான். ஜே.பி. நகரில் ஆர்.வி., நியூ பி.இ.எல். ரோடு பக்கம் ராமையா, ஒயிட்ஃபீல்டில் வைதேகி, ஓசூரிலிருந்து வருகிறவர்களுக்கு வழியில் பொம்மனஹள்ளியில் ஆக்ஸ்ஃபோர்டு. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் பார்ப்பார்கள். அவசரப்படாமல் பொறுமையாகப் பார்ப்பார்கள், கட்டணமும் குறைவு. ஆனால் உங்கள் நேரம் போகும், பள்ளிக்கு அரைநாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும். எம்.டி.எஸ். மூன்று வருடப் படிப்பு. உங்கள் பிள்ளையைப் பார்ப்பவர் கடைசி வருடத்தில் இருந்தால், அவர் படிப்பு முடிந்து போன பிறகு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் கேட்க வேண்டியவை சில உண்டு. சொல்லும் தொகை இந்தக் கருவிக்கு மட்டுமா, பின்னால் போடப்போகும் கிளிப்பும் சேர்த்தா? எக்ஸ்ரே அதில் அடக்கமா? கருவி உடைந்தால் மறுபடி பணமா? மொத்தம் எவ்வளவு விரிக்கத் திட்டம், எத்தனை திருப்பு? கடைசிக் கேள்விக்கு எண்ணோடு பதில் வர வேண்டும்.

எந்தக் கருவி

பிள்ளையின் வயதையும் பற்களையும் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்வார். கடைவாய்ப் பற்களில் உலோக வளையம் மாட்டி நடுவில் ஸ்குரூ வைப்பது ஒன்று. பால்பற்கள் ஆடிக்கொண்டிருந்து வளையம் நிற்காது என்றால், கடைவாய்ப் பற்களைப் பிளாஸ்டிக்கால் மூடி ஒட்டும் வகை. லேசான குறுகலுக்கு, கழற்றி மாட்டும் பிளேட்டும், ஸ்குரூவே இல்லாமல் கம்பியின் விசையாலேயே மெல்ல விரிக்கும் குவாட் ஹெலிக்ஸும் உண்டு. கழற்றும் பிளேட் பார்க்கச் சுலபமாகத் தோன்றும். ஆனால் பிள்ளை டிஃபன் டப்பா பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் அன்றோடு சிகிச்சை நின்றுவிடும். பொறுப்பாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளை இல்லை என்றால் ஒட்டி வைப்பதே மேல்.

மாட்டும் நாள்

வளையம் போடுவதற்குச் சில நாள் முன்பு, கடைவாய்ப் பற்களுக்கிடையே சின்ன ரப்பர் வளையங்களைச் சொருகுவார்கள். இறைச்சி நார் சிக்கிக்கொண்டது போன்ற உறுத்தல் இரண்டு நாள் இருக்கும். பிறகு அளவு வளையம் போட்டு அச்சு எடுப்பார்கள். லேபிலிருந்து கருவி வந்ததும் சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் சில நாள் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கத் தெரியாமல் தடுமாறுவார்கள். பேச்சும் குழறும். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு அண்ணத்தைத் தொட்டுச் சொல்லும் எழுத்துகள், தொடும் இடத்தில் இப்போது இரும்பு நிற்கிறது. தினமும் கொஞ்ச நேரம் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்க வைத்தால் சீக்கிரம் பழகிவிடும். வகுப்பு ஆசிரியைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், அந்த வாரம் எழுந்து வாசிக்கச் சொல்லாமல் இருப்பார்.

நாள் குறிக்கும்போது ஒரு விஷயம். ஏப்ரல், மே லீவில் பிள்ளையை ஊருக்குத் தாத்தா பாட்டியிடம் அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஸ்குரூ திருப்பும் வாரங்களில் அனுப்ப வேண்டாம். கருவி கழன்றாலோ திருப்பு சிக்கினாலோ மாட்டிய மருத்துவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திருப்பி முடித்த பிறகு தாராளமாக அனுப்பலாம்.

சாவி திருப்புவது

கருவியை மாட்டுவது மருத்துவர், எலும்பை விரிப்பது உங்கள் கை. அதனால் கிளினிக்கிலேயே, மருத்துவர் முன்னால், நீங்களே ஒருமுறை திருப்பிக் காட்டாமல் வீட்டுக்கு வராதீர்கள். வீட்டில் திருப்பப்போவது அப்பா என்றால் அப்பாவும் அன்று வர வேண்டும்.

ஒரு திருப்பு என்பது கால் சுற்று. பெரும்பாலான ஸ்குரூக்களில் அது சுமார் 0.25 மில்லிமீட்டர் விரிக்கும். 7 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் 28 திருப்பு. ஒருநாளுக்கு ஒன்றா, காலை மாலை இரண்டா, அல்லது நாள் விட்டு நாளா என்பதை மருத்துவர் சொல்வார். அந்த எண்ணை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

1. சாவியின் பிடியில் நீளமான நூல் கட்டி, மறுமுனையை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நழுவினாலும் தொண்டைக்குள் போகாது.

2. பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையை உங்கள் மடியில் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் போன் டார்ச் பிடிக்கட்டும்.

3. ஸ்குரூவின் நடுவில் சிறு துளை தெரியும், முன்பற்கள் பக்கமாக. சாவி முனையை அதில் முழுவதும் செலுத்துங்கள். அரைகுறையாக நுழைந்தால் வழுக்கும்.

4. தொண்டைப் பக்கமாக, நிதானமாக, அதற்கு மேல் நகராது என்னும் வரை தள்ளுங்கள். சில கருவிகளில் அம்புக்குறி இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

5. முன்பக்கம் அடுத்த துளை முழுவதுமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்தான் திருப்பு முடிந்தது. தெரியாவிட்டால் மறுநாள் சாவி நுழையாது.

6. சாவியைப் பின்பக்கம் சாய்த்தபடியே கீழே இறக்கி எடுங்கள். முன்பக்கமாக இழுத்தால் திருப்பியது திரும்பிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

7. உடனே மாதக் காலண்டரில் குறியுங்கள். அம்மா திருப்பியது அப்பாவுக்குத் தெரியாமல் மறுபடி திருப்பிவிடக் கூடாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் திருப்பாதீர்கள், மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

திருப்பியதும் மூக்குத் தண்டிலும் கண்களுக்கு நடுவிலும் ஒரு அழுத்தம் தெரியும், சில நிமிடத்தில் தணியும். இரவு சாப்பிட்டு முடித்த பிறகு திருப்பினால் பிள்ளைக்குச் சிரமம் குறைவு. வலி தங்கினால் பாராசிட்டமால் கொடுக்கலாமா, எடைக்கு எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பல்லில் சந்து விழும்

ஒரு வாரம் போனால் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தோன்றும், நாளுக்கு நாள் பெரிதாகும். வீட்டுக்கு வருகிறவர்கள் "ஐயோ, நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டீங்களே" என்பார்கள். நீங்கள் சந்தோஷப்பட வேண்டிய அடையாளம் அது. நடுக்கோடு விலகிவிட்டது, அழுத்தம் எலும்புக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய சாட்சி அந்தச் சந்துதான். திருப்புவது நின்றதும் ஈறுக்குள் இருக்கும் நார்கள் பற்களைத் தாமாகவே இழுத்துச் சேர்க்கும், சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். அதைச் சீக்கிரம் மூடலாம் என்று ரப்பர் பேண்டு மாட்டிவிடவே கூடாது. அது ஈறுக்குள் ஏறி வேரைச் சுற்றிக்கொண்டு, நல்ல பல்லையே விழ வைக்கும்.

இதற்கு மாறாக, பத்து நாள் போல ஆகியும் சந்து தெரியவில்லை, திருப்பத் திருப்ப வலி ஏறுகிறது என்றால் திருப்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். குறிப்பாகப் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது ஆகியிருந்தால் இதில் கவனம் வேண்டும்.

முடியும் தறுவாயில் மேல்தாடை தேவைக்கு மேல் அகன்றுவிட்டது போலத் தோன்றும். பின்னால் கொஞ்சம் சுருங்கும் என்று தெரிந்தே அவ்வளவு விரிப்பார்கள்.

சாப்பாடும் சுத்தமும்

முதல் வாரம் இட்லி, குழைந்த பொங்கல், ரசம் சாதம், தயிர் சாதம், மசித்த வாழைப்பழம். பிறகு வழக்கமான சாப்பாடுதான், சின்னத் துண்டுகளாக. முறுக்கு, தட்டை, நிப்பட்டு, கடலை மிட்டாய், கரும்பு, பபுள்கம் வேண்டாம். சங்கராந்திக்கு அக்கம்பக்கத்துக் கன்னட வீடுகளிலிருந்து எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த எள்ளு பெல்லா தட்டு தட்டாக வரும். ஸ்குரூ இடுக்கில் போய் உட்கார அதைவிட வாகான பண்டம் கிடையாது. வாங்கி வைத்து, பிள்ளைக்கு மட்டும் அடுத்த வருடம்.

சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் கொப்பளிக்க வேண்டும், பள்ளியிலும்தான். கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவே சாதப் பருக்கை தங்கி நாறும், ஈறு வீங்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் எடுத்துப் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சினால் வெளியே வந்துவிடும். இரவு பல் துலக்கி, பீய்ச்சி, அதன் பிறகு சாவி திருப்பினால் துளையும் தெளிவாகத் தெரியும்.

உடனே போன் செய்ய வேண்டியவை

வளையம் ஒரு பக்கம் ஆடினால் திருப்புவதை நிறுத்திக் கூப்பிடுங்கள். ஒரு பக்கம் கழன்ற கருவியைத் திருப்பினால் தாடை கோணலாக விரியும். கம்பி அண்ணத்துச் சதையில் புதைந்தாலும், வெள்ளையாகவோ வீங்கியோ புண் தெரிந்தாலும், சாவி நுழையவே இல்லை என்றாலும் அப்படித்தான். நாக்கில் கம்பியின் தடம் பதிந்திருப்பதற்குப் பயப்பட வேண்டாம், கருவி எடுத்தபின் மறையும். கழன்ற துண்டை விழுங்கிவிட்டாலோ மூச்சுத் திணறினாலோ பல் கிளினிக்குக்கு அல்ல, பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

திருப்பி முடிந்த பிறகு

நாளுக்கு ஒன்றோ இரண்டோ திருப்பினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் திருப்புவது முடிந்துவிடும், நாள் விட்டு நாள் என்றால் இன்னும் கூடுதலாகும். மருத்துவர் ஸ்குரூவைத் திரும்பாதபடி பூட்டிவிடுவார். "அதான் விரிஞ்சாச்சே, எடுத்துடுங்க" என்று பலர் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். கேட்காதீர்கள். விலகிய நடுக்கோட்டில் இப்போது உறுதியான எலும்பு இல்லை. அது நிரம்பி இறுக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். அதற்குள் எடுத்தால் தாடை பழையபடி நெருங்கிவிடும், பிள்ளை பட்ட சிரமம் வீண். இந்த மாதங்களில் வீட்டில் செய்ய வேண்டியது சுத்தம் மட்டும்தான். நடுவில் ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு நிரம்பியதா என்று பார்க்கலாம்.

கருவி எடுக்கும் நாளில் அண்ணம் சிவந்திருக்கும், வாடை அடிக்கும், சில நாளில் சரியாகிவிடும். அன்றைக்கே அல்லது மறுநாளே, விரிந்த தாடை மறுபடி நெருங்காமல் பிடித்து வைக்கும் பிளேட்டோ அண்ணத்துக் கம்பியோ கொடுப்பார்கள். அதில் இடைவெளி விடாதீர்கள். பன்னிரண்டு வயது வாக்கில் கிளிப் தேவைப்படலாம், அதைத் தவிர்ப்பதற்காக இதைச் செய்யவில்லை. கிளிப் போடும்போது பற்கள் உட்காரச் சரியான அகலத்தில் தாடை இருக்க வேண்டும் என்றுதான் செய்தோம்.

போகும்போது எக்ஸ்ரே, தொடக்கத்தில் எடுத்த அச்சின் படங்கள், எத்தனை திருப்பு என்ற குறிப்பு எல்லாவற்றுக்கும் பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை மாறி சென்னைக்கோ புனேக்கோ வீடு மாற்றினால், அங்கே கிளிப் போடப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.